நேபாள மலைக்கிராமப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியர்: தங்குவதும் கற்பிப்பதும்

நேபாளத்தில் அரசு உதவியுடன் நடக்கும் பள்ளிகளைச் 'சாமுதாயிக்' பள்ளி என்பார்கள். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிக்கு 'போர்டிங்' என்று பெயர், அங்கே விடுதியே இல்லாவிட்டாலும். மலைக்கிராமங்களில் வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு வேலை இருப்பது பெரும்பாலும் சாமுதாயிக் பள்ளியில்தான். அப்படியொரு பள்ளியில் ஆங்கிலமோ கணக்கோ அறிவியலோ கற்பிக்க, கிராமத்து வீட்டிலேயே தங்கப் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

மூன்று மாதத்துக்குக் குறைவாகப் போக வேண்டாம். பிள்ளைகளின் பெயர் மனதில் பதியவும், உங்கள் ஆங்கில உச்சரிப்பு அவர்கள் காதுக்குப் பழகவும் மூன்று வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் திரும்புகிறவர் பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம். பாடம் நடத்த முடியாது.

எந்த மாதம் போவது

பள்ளியின் தேதிகள் எல்லாம் விக்ரம் சம்வத் நாட்காட்டியில் இருக்கும். தலைமை ஆசிரியர் "மங்ஸிர் 5 அன்று வாருங்கள்" என்றால் அது நவம்பர் மூன்றாம் வாரம். ஏப்ரல் நடுவிலிருந்து டிசம்பர் வரை அவர்கள் ஆண்டிலிருந்து 57ஐயும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை 56ஐயும் கழித்தால் நம் ஆண்டு வரும். 2082ஆம் ஆண்டு 2025 ஏப்ரல் 14 அன்று பிறந்தது.

அதே நாள்தான் தமிழ்ப் புத்தாண்டும். இரண்டும் சூரிய மாதக் கணக்கு என்பதால், வீட்டில் கிழிக்கும் தினசரி நாட்காட்டியின் தமிழ்த் தேதியும் நேபாளத் தேதியும் ஒன்றாகவோ ஓரிரு நாள் முன்பின்னாகவோ ஓடும். தமிழர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பெயரை நம்பினால் ஒரு மாதம் தவறும். அவர்களின் 'வைசாக்' நம் வைகாசி இல்லை, சித்திரை. 'ஜேட்' வைகாசி, 'அஸார்' ஆனி, 'ஸாவுன்' ஆடி, 'பதௌ' ஆவணி, 'அஸோஜ்' புரட்டாசி. 'கார்த்திக்' நம் ஐப்பசி, 'மங்ஸிர்'தான் கார்த்திகை. 'பூஸ்' மார்கழி, 'மாக்' தை, 'பாகுன்' மாசி, 'சைத்' பங்குனி. அங்கே 'கார்த்திக் 10' என்றால் அக்டோபர் கடைசி. நம் கார்த்திகை என்று எண்ணி நவம்பர் கடைசிக்குப் பயணச்சீட்டு எடுத்தால் ஒரு மாதம் தாமதமாகப் போய்ச் சேருவீர்கள்.

பள்ளி ஆண்டு வைசாக்கில் தொடங்கும். முதல் சில நாட்கள் சேர்க்கைக்கும் புத்தகம் வருவதற்கும் போய்விடும். அஸார் மாதத்தில் நாற்று நடவு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வயலில் இருப்பார்கள், அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளக் கூடாது. நவராத்திரியை ஒட்டி வரும் தசைன், தீபாவளியை ஒட்டி வரும் திஹார் இரண்டுக்கும் பள்ளி நீண்ட நாள் மூடிக்கிடக்கும். 'அக்டோபரில் வானம் தெளிவு' என்று சுற்றுலா வழிகாட்டியில் படித்துவிட்டு அந்த மாதத்தில் போகிறவர்கள் பூட்டிய பள்ளியைத்தான் பார்ப்பார்கள். உயரமான ஊர்களில் பூஸ், மாக் மாதங்களில் குளிர்கால விடுமுறை உண்டு. பத்தாம் வகுப்பின் எஸ்.இ.இ. பொதுத் தேர்வு சைத்தில் வரும்.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் பாடம் தடையின்றி ஓடும் காலம் இரண்டு: வைசாக் நடுவிலிருந்து அஸார் தொடக்கம் வரை, திஹார் முடிந்ததிலிருந்து தேர்வு வரை. குளிர்கால விடுமுறை இல்லாத ஊராக இருந்தால் இரண்டாவது காலமே சிறந்தது.

ஆவணமும் பணமும்

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கட்டாயம். ஆதார் அட்டையை நம்பிக் கிளம்பக் கூடாது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா ஓர் ஆண்டில் 150 நாள் வரை கிடைக்கும், ஆனால் அதில் வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாத வேலைக்கும் அதே விதிதான். "சுற்றுலா என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் ஏற்பாட்டாளரை விட்டு விலகுங்கள். மாட்டினால் சிக்கல் உங்களுக்கும் பள்ளிக்கும்தான்.

விசா தேவையில்லாத இந்தியர்களும் பள்ளியின் அழைப்புக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2015 அரசியலமைப்புக்குப் பிறகு பள்ளிகள் உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. நாட்டில் இப்போது 753 உள்ளாட்சிகள், கிராமப்புறத்தில் அவற்றுக்குக் 'காவ்ம்பாலிகா' என்று பெயர். எந்த வகுப்பு, என்ன பாடம், எத்தனை மாதம் என்று தலைமை ஆசிரியர் எழுதிய கடிதத்தின் பிரதி காவ்ம்பாலிகா கல்விப் பிரிவில் இருக்கட்டும்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993 முதல் இந்த விகிதம் மாறவில்லை. இந்தியப் பணத்தை 100 ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொண்டால் எல்லையில் தொல்லை இராது. மலைக்கு ஏறுமுன் மாவட்டத் தலைநகரில் ஒரு மாதச் செலவுக்கான நேபாளப் பணத்தைச் சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். கிராமத்துக் கடையில் 1000 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை இருக்காது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் எவ்வளவு என்பதை முதல் நாளே, தலைமை ஆசிரியர் முன்னிலையில், வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவர்கள் 'வேண்டாம்' என்றாலும் கொடுக்கத்தான் வேண்டும். கூடுதலாக ஓர் ஆளுக்கு அரிசியும் விறகும் அந்த வீட்டில் செலவாகிறது.

சிம் அட்டைக்குப் பாஸ்போர்ட் அளவுப் படமும் அடையாள அட்டைப் பிரதியும் கேட்பார்கள். மலையில் நேபாள் டெலிகாம் எடுக்கும் இடங்களே அதிகம். மின் பிளக் நம் ஊர் வகைதான். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளி வையுங்கள்.

வீடும் வேளைகளும்

காலை ஆறு மணிக்குத் தேநீர். ஒன்பது மணி வாக்கில் முழுச் சாப்பாடு: சோறு, பருப்பு, ஒரு தர்காரி (காய்கறி), கொஞ்சம் அச்சார் (ஊறுகாய்). பத்து மணிக்குப் பள்ளி. ஒன்றிலிருந்து இரண்டுக்குள் 'காஜா' என்னும் சிற்றுண்டி: அவல், வறுத்த சோளம் அல்லது நூடுல்ஸ். நான்கு மணிக்குப் பள்ளி விடும். இரவு ஏழு, எட்டு மணிக்கு மறுபடியும் சோறு பருப்பு. வெள்ளிக்கிழமை அரை நாள், சனிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு.

காலையில் இட்லி, மதியம் சாப்பாடு என்று பழகிய வயிறு முதல் வாரம் தடுமாறும். ஒன்பது மணிக்கு அரை வயிறு சாப்பிட்டுப் போனால் பன்னிரண்டுக்கே தலை கிறுகிறுக்கும், குரலும் இறங்கிவிடும். எனவே அந்த வேளையில் நன்றாகச் சாப்பிடுங்கள். கூடவே ஒரு பை வறுத்த கடலையும் பள்ளிப் பையில் இருக்கட்டும். தட்டில் சோறு தீரத் தீர வீட்டுக்கார அம்மா போட்டுக்கொண்டே இருப்பார். போதும் என்றால் கையைத் தட்டின் மேல் குறுக்கே நீட்டி 'புக்யோ' என்று சொல்ல வேண்டும். சோறு விழுந்தபின் மிச்சம் வைப்பதைவிட, விழுமுன் மறுப்பதே மரியாதை.

எச்சில் பார்க்கும் வழக்கம் அங்கேயும் உண்டு, பெயர் 'ஜூட்டோ'. சாப்பிடும் கையால் பொதுப் பாத்திரத்தைத் தொடக் கூடாது. உங்கள் தட்டிலிருந்து எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. செம்பில் தண்ணீர் தந்தால் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். நம்மில் பலருக்கு இது பாட்டி வீட்டுப் பழக்கம், சட்டென்று வந்துவிடும். பாஹுன் (பிராமணர்), செத்ரி (சத்திரியர்) குடும்பங்கள் சிலவற்றில் வெளியார் அடுப்பங்கரைக்குள் நுழைவதில்லை. கூப்பிடும்வரை வாசற்படிக்கு இப்பால் உட்காருங்கள். தமாங், ராய், மகர், குருங் இனத்தார் வீடுகளில் அந்தக் கட்டுப்பாடு தளர்வு. ஆனால் வீட்டில் காய்ச்சிய 'ரக்ஸி' என்னும் சாராயம் வரும். குடிக்காதவர்கள் முதல் தடவையே கைகூப்பி மறுத்துவிடுவது நல்லது. ஒருமுறை வாங்கிவிட்டால் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் மறுக்க வேண்டியிருக்கும்.

குளிப்பது 'தாரா' என்னும் பொதுத் தண்ணீர்க் குழாயடியில். ஆண்கள் அரைக்கால் சட்டையோடும், பெண்கள் மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிய பாவாடையோடும் குளிப்பார்கள். சனிக்கிழமை பதினோரு மணி வெயில்தான் குளிக்கவும் துவைக்கவும் ஏற்ற நேரம். நான்கு மணிக்கு மேல் தோய்த்த ஜீன்ஸ் இரண்டு நாள் ஆனாலும் காயாது. எளிதில் காயும் துணி மூன்று செட், கம்பளித் தொப்பி, தலையில் மாட்டும் விளக்கு, பவர் பேங்க், ஒரு லிட்டர் ஃபிளாஸ்க், இவற்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். 'ஸிரக்' என்னும் கனத்த பஞ்சு ரஜாய் அங்கேயே கிடைக்கும், அதைச் சுமக்க வேண்டாம்.

தண்ணீரும் உடம்பும்

ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். மேலே மாடு மேயும் சரிவிலிருந்துதான் அதுவும் வருகிறது. நன்றாகக் கொப்பளிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2000 மீட்டருக்கு மேலான ஊரில் மூன்று நிமிடம். உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் இந்தக் கூடுதல் நேரம். இரவுச் சாப்பாடு முடிந்து அடுப்பில் தணல் இருக்கும்போதே காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டால் தனி விறகு செலவாகாது. வழியில்லாத நாளில், தெளிந்த நீரை இரண்டு லிட்டருக்கு மிகாத நிறமற்ற பெட் பாட்டிலில் ஊற்றி, தகரத்தின் மேல் முழு வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். மேகமூட்டமானால் இரண்டு நாள். கலங்கல் நீருக்கு இந்த முறை உதவாது.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல். அங்கே பாக்கெட்டின் பெயர் 'ஜீவன் ஜல்', சிறு கடையிலும் இருக்கும். இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆற்றிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. இரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நிற்காமல் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மஞ்சள்காமாலை ஏ, டைபாய்டு தடுப்பூசிகளைக் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். கிராமத்திலிருந்து மருத்துவமனைக்கு அரை நாள் ஆகலாம். நாய் கடித்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே கிளம்ப வேண்டும்.

மழைக்காலத்தில் பள்ளிக்குப் போகும் பாதையெல்லாம் அட்டை. கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு, உப்புப் பொட்டலம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் எண் 102, போலீஸ் 100.

பேச்சு

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே தேவநாகரி எழுத்தைப் படிக்கப் பழகிவிடுங்கள். தமிழ் எழுத்தில் நேபாளியைக் குறித்து வைத்துக்கொள்வது காலை வாரிவிடும். வரி, கூரை வேயும் புல், 'செய்' என்னும் வினை, வீடு ஆகிய நான்கு சொற்களுக்கும் நேபாளியில் முதல் எழுத்து வேறு வேறு. தமிழில் எழுதினால் நான்குமே 'கர்'. மூச்சை அழுத்தி விடும் ஒலிகளை உள்ளங்கையை வாய் முன் வைத்துப் பழகுங்கள். கையில் காற்று பட வேண்டும்.

பெரியவர்களைத் 'தபாய்ம்' என்றும், மாணவர்களைத் 'திமி' என்றும் விளிக்க வேண்டும், நம் நீங்களும் நீயும் போல. வீட்டில் 'ஆமா', 'புவா', 'தாய்', 'தீதி' என்று முறை சொல்லியே கூப்பிடுங்கள்: அம்மா, அப்பா, அண்ணன், அக்கா. பள்ளியில் எல்லோரும் சர் அல்லது மிஸ். தலைமை ஆசிரியர் 'ஹெட்சர்'. பல பிள்ளைகளுக்கு நேபாளியே இரண்டாம் மொழி என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் தமாங்கோ மகரோ பேசும் ஏழு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி.

வகுப்பறை

ஒரு முழுப் பாடத்தை நீங்கள் மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தக் குறிப்பில் மற்ற எதை விட்டாலும் இதை விட வேண்டாம். வெளி ஆசிரியர் வந்ததும் ஊர் ஆசிரியரை வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவது வழக்கம். ஆள் பற்றாக்குறை அப்படி. நீங்கள் கிளம்பிய பிறகு அவர் பாதியில் வந்து, எங்கே விட்டது என்று தெரியாமல் பாடத்தைத் தொடர வேண்டும். அல்லல்படுவது பிள்ளைகள். எனவே வாரத்தில் பாதி வகுப்புகளாவது இருவரும் சேர்ந்து எடுப்பது என்று கடிதத்திலேயே எழுத வையுங்கள். முதல் வாரம் நீங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து அவர் நடத்துவதைப் பாருங்கள். பிறகு அவர் விளக்க, நீங்கள் பயிற்சி கொடுங்கள்.

"புஜ்யௌ?" (புரிந்ததா?) என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புஜ்யோ, சர்!" என்று கத்தும். புரிந்தது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை அது. புரிந்ததா என்று அறிய ஒரு வழி: வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் பக்கத் தாள் ஒவ்வொருவருக்கும். ஒரே ஒரு கேள்வி. பெயர் எழுத வேண்டாம். அன்று மாலை அந்தத் தாள்களைச் 'சரி', 'பாதி', 'இல்லை' என்று மூன்று குவியலாகப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'இல்லை' குவியலில் விழுந்தால், மறுநாள் அதே பாடத்தை வேறு விதமாகத் தொடங்குங்கள்.

ஆங்கிலத்தில் எங்கே தவறு வருகிறது என்பதற்கு அவர்கள் மொழியில் காரணம் இருக்கிறது. நேபாளியில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சுட்டுச்சொல் என்பதால் 'ஹி', 'ஷி' மாறிக்கொண்டே இருக்கும். பேச்சில் 'ஸ', 'ஷ' பிரிவதில்லை, ஆகவே 'ஷிப்' என்பது 'ஸிப்' ஆகும். 'ஸீரோ' என்பது 'ஜிரோ'. வினை கடைசியில் வருவது நம்மைப் போலவே, அதனால் 'ஐ ரைஸ் ஈட்' என்று எழுதுவார்கள். இந்த வாக்கியம் எப்படிப் பிறந்தது என்பது தமிழ் ஆசிரியருக்கு உடனே விளங்கும். 'ஐ', 'ரைஸ்', 'ஈட்' என்று மூன்று பிள்ளைகள் கையில் மூன்று அட்டையைக் கொடுத்து வரிசையாக நிறுத்துங்கள். 'ரைஸ்' பிள்ளையையும் 'ஈட்' பிள்ளையையும் இடம் மாற்றி நிற்கச் சொல்லுங்கள். பலகையில் பத்து முறை எழுதுவதைவிட இது நிலைக்கும்.

அட்டைகளுக்கு வை வை நூடுல்ஸ் பெட்டி போதும். எந்தக் கடையிலும் காலிப் பெட்டி கொடுப்பார்கள். பிள்ளைகள் கையில் பிடிக்கும் அளவுக்கு, ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரமாக வெட்டி, பழைய நாட்காட்டித் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய ஒட்டி, தடித்த மார்க்கரில் எழுதுங்கள். எழுத்து 5 செ.மீ. உயரத்துக்குக் குறைந்தால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் மைதா பசை பூஞ்சை பிடிக்கும், டேப் நல்லது. மார்க்கரும் சாக்பீஸும் பட்டணத்தில் வாங்கி வையுங்கள், மாத நடுவில் தீர்ந்தால் அடுத்த ஜீப் வரும்வரை இல்லை.

தகரக் கூரையின் மேல் பெருமழை அடித்தால் அடுத்த பெஞ்சில் பேசுவதே கேட்காது. அதோடு போட்டி போட்டுக் கத்தினால் இரண்டே நாளில் குரல் போகும். அந்த நேரத்துக்கென்றே பலகையில் எழுதிப்போட ஐந்தாறு மௌனப் பயிற்சிகளைக் குறிப்பேட்டில் தயாராக வைத்திருங்கள்: படத்தைப் பார்த்து எழுதுதல், கலைந்த வாக்கியத்தை அடுக்குதல், கணக்குப் புதிர். குளிர்காலத்தில் வகுப்பறை இருட்டாகவும் சில்லென்றும் இருக்கும். முதல் வகுப்பை முற்றத்து வெயிலில் வைத்துக்கொள்வது அங்கே இயல்பான ஏற்பாடு, ஹெட்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் தேர்வுப் பாடத்தை ஒதுக்கிவிட்டு விளையாட்டாகவே நடத்தினால் பெற்றோர் கவலைப்படுவார்கள். அந்தக் கவலை நியாயமானது. எஸ்.இ.இ. மதிப்பெண்தான் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பழைய வினாத்தாள்களை வாங்கி, வாரம் ஒரு வகுப்பை அதற்கே கொடுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

பிள்ளைகளை அடிப்பதை 2018ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் சில வகுப்புகளில் பிரம்பு இருக்கும். அடுத்த ஆசிரியரை மாணவர் முன் தடுத்தால் அவர் உங்களோடு பேசுவதையே நிறுத்திவிடுவார், பிரம்பும் நிற்காது. ஹெட்சரிடம் தனியாகச் சொல்லுங்கள், நீங்கள் சேர்ந்து எடுக்கும் வகுப்பில் அடி இல்லை என்பதை முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். காயம் ஏற்படும் அளவுக்குப் போனால் குழந்தைகள் உதவி எண் 1098, இந்தியாவில் உள்ள அதே எண்தான்.

கதவு மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்க வேண்டாம். தனிப்பயிற்சி என்றால் திண்ணையிலோ முற்றத்திலோ. முகம் தெரியும் படங்களை இணையத்தில் போட வேண்டாம்.

பள்ளிக்குப் பதிலாக 'அனாதை இல்லத்தில் கற்பியுங்கள்' என்று அழைப்பு வந்தால் ஏற்காதீர்கள். நேபாள இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். படிப்பு கிடைக்கும் என்று நம்பவைத்துக் கிராமங்களிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து, வெளிநாட்டார் தரும் பணத்துக்காக இல்லத்தில் வைத்திருப்பது பல இடங்களில் வெளிப்பட்டிருக்கிறது. நீங்கள் அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு வாரமும் இன்னொரு குழந்தை வீட்டைவிட்டு வரக் காரணமாகிறது.

கிளம்பும்போது

போகும் தேதியை இரண்டு வாரம் முன்பே, நேபாளத் தேதியில், பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாதவரை 'மறுபடி வருவேன்' என்று சொல்ல வேண்டாம். சின்னப் பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கடைசி வாரத்தில் ஊர் ஆசிரியரோடு உட்கார்ந்து, எந்தப் பாடம் எந்தப் பக்கம்வரை முடிந்தது, எந்தப் பிள்ளைக்கு எதில் உதவி வேண்டும் என்பதை அவர் கையெழுத்திலேயே, நேபாளியில், ஒரு நோட்டில் எழுத வையுங்கள். உங்கள் ஆங்கிலக் குறிப்பு அலமாரியிலேயே தூங்கும், அவர் எழுதியதை அவர் திறந்து பார்ப்பார். சொல் அட்டைகளை வகுப்புவாரியாக நூலால் கட்டி, மேலே தேவநாகரியில் வகுப்பு எண் எழுதி, அலமாரிச் சாவியோடு அவரிடமே கொடுங்கள். அலுவலகத்தில் ஒப்படைத்தால் பத்திரமாகப் பூட்டி வைக்கப்படும், யாரும் எடுக்க மாட்டார்கள். வழியனுப்பும் நாளில் நெற்றியில் டீகா இட்டு மாலை போடுவார்கள், கழுத்து நிறைந்துவிடும். ஜீப் ஊர் எல்லையைத் தாண்டும்வரை மாலைகளைக் கழற்றாதீர்கள்.